தொடக்கச் சொல்

ஜூன் 3, செவ்வாய்

தட்டியதைக் குரலாகச் சொல்லும் அந்த மெஷின் இன்றைக்கும் அலமாரி மேல்தான் கிடக்கிறது. அதன் மேல் அம்மா மடித்த துண்டுகளை அடுக்கியிருக்கிறாள். அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் ஸ்பீச் மேடம் பார்த்தால் அழுதுவிடுவார்.

அப்பா அதைத் தொட்டது ஒரே ஒரு நாள். ‘தண்ணி வேணும்’ என்று தட்டினார். உள்ளேயிருந்து ஒரு செய்தி வாசிப்பாளர் கிளம்பி வந்து, "தண்ணி. வேணும்" என்றார். அப்பா மெஷினை ஒரு பார்வை பார்த்தார். ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று சுவரில் இடிக்கிற ஸ்டூடன்டைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. எழுந்து போய்த் தானே மொண்டு குடித்துவிட்டு வந்து, தன் எழுதும் பலகையில் எழுதினார்: "யாரு இந்த ஆளு? என் வீட்ல இவனுக்கு என்ன வேலை?"

விழுந்து விழுந்து சிரித்தோம். அது ஏப்ரலில். இப்போது பலகையும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. முதலில் முழு வாக்கியம் எழுதினார். பிறகு ஒரு சொல். இந்த வாரம் வெறும் தலையாட்டல்.

முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்திய மனிதர். இந்த ஊரில் ஒழுங்காக வண்டி ஓட்டுகிற பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். ‘பிரேக் சார்’ என்றால்தான் யாருக்கும் தெரியும். தொண்டையில் புற்று என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு துணி. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆமாம், ஒன்றுமில்லைதான். வாய் ஓயாத மனிதர் வாயில்லாப் பூச்சியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஸ்பீச் மேடம் போன் செய்தார். மெஷின் ஆஸ்பத்திரி இரவல். ஜூலைக் கடைசிக்குள் அப்பா பழகாவிட்டால் வரிசையில் இருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். "அவருக்கு அவர் குரலே வந்தா பேசிடுவாரும்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி ரெக்கார்ட் பண்ணினாரே, அந்தப் பதிவு கிடைச்சா ஒரே வாரத்துல குரல் செஞ்சு கொடுத்துடுவாங்க" என்றார்.

அந்தப் பதிவு! அப்பா அதைப் பேசிச் சேமித்தது போனில் ஒரு ஆப்பில். அந்த ஆப் செய்த கம்பெனியே இழுத்து மூடிவிட்டுப் போயாகிவிட்டது.


ஜூன் 5, வியாழன்

அப்பாவின் மெயிலைக் குடைந்தேன். குப்பைப் பெட்டிக்குள் கடன் விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது: கம்பெனியின் கடைசி மெயில். தேதி பார்த்தால், அப்பா ஆபரேஷன் தியேட்டரில் இருந்த வாரம். யார் மெயில் பார்த்தோம் அப்போது?

உள்ளே அப்பாவின் எல்லாப் பதிவுகளும் இருக்கின்றன. எல்லாம் பூட்டியபடி. கூடவே சாவியும், எழுத்தும் எண்ணுமாக ஒரு நீள வரி. திறந்து தரும் கருவிக்கு ஒரு சுட்டி, அது செத்துப் பல வாரம் ஆயிற்று. கீழே ஒரு வரி: "ஒவ்வொரு பதிவும் உங்கள் தொடக்கச் சொல்லில் தொடங்கும்."

என்ன தொடக்கச் சொல்?

அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. சேரும்போது ஆப் கேட்டதாம்: ஒரு சொல் தாருங்கள், அது உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும், யாரிடமும் சொல்ல வேண்டாம். "என்னவோ தட்டினார். நான் எட்டிப் பார்த்தேன், போனைத் திருப்பிக்கிட்டார்."

அப்பாவிடம் போய்க் கேட்டேன். ரொம்ப நேரம் மார்க்கரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மறந்துபோச்சு."

பிறகு அதன் கீழே: "போனது போகட்டும் விடு."

விடுவதாவது. நான் யார் மகள்?


ஜூன் 6, வெள்ளி

எனக்குத் தெரிந்த வேலை மருந்துக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுவது. ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று தமிழில் பிரிண்ட் ஆக வேண்டும், தள்ளுபடி சரியாகக் கழிய வேண்டும். பூட்டு, சாவி எல்லாம் என் பேட்டை இல்லை. ஆனால் பூட்டைத் திறக்க யாரோ எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம் இருக்கிறது, லைப்ரரி என்போம். கோப்பைக் கொடு, சாவியைக் கொடு, தொடக்கத்தைக் கொடு, தீர்ந்தது.

அம்மாவின் பெயரைக் கொடுத்தேன். என் பெயர். வண்டி நம்பர். ‘கிளட்ச்’. எதைக் கொடுத்தாலும் ஒரே பதில்: பேடிங் பிழை. ஒரு பைட்கூடக் கண்ணில் காட்டவில்லை. கிணற்றில் போட்ட கல்.

பக்கத்து ஸீட்டில் தத்துவம். நிஜப் பெயர் வேறு. புரோகிராமில் எந்த பக் வந்தாலும் அதிலிருந்து ஒரு தத்துவம் உதிர்ப்பதால் ஆபீசே வைத்த பெயர். எட்டிப் பார்த்து, "நீ கதவைத் தட்டிட்டு தெருவுலயே நிக்கிற. லைப்ரரியை விடு. துண்டு துண்டா நீயே திறந்து பாரு. எங்க கோணுதுன்னு அப்பதான் தெரியும்" என்றான்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுடா."

"தெரிஞ்சவன் எவனும் பொறந்ததுல இருந்தே தெரிஞ்சவன் இல்ல."

வந்துவிட்டது தத்துவம்.


ஜூன் 8, ஞாயிறு

காலை முழுக்கச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து படித்தேன். எழுதி வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே நாளைக்கு மறந்துவிடும்.

கோப்பைப் பதினாறு பதினாறு பைட்டாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஒரு பிளாக். சாவி ஒரு நேரத்தில் ஒரு பிளாக்கைத்தான் பூட்டும். அப்படியே தனித்தனியாகப் பூட்டிவிட்டால்? ஒரே மாதிரி இரண்டு பிளாக், பூட்டிய பிறகும் ஒரே மாதிரிதான் இருக்கும். மௌனம் எல்லாம் மௌனமாகவே தெரிந்துவிடும். எங்கே பேசினார், எங்கே மூச்சு வாங்கினார் என்று யாரும் வெளியிலிருந்தே சொல்லிவிடலாம்.

அதற்காக என்ன செய்கிறார்கள்! ஒவ்வொரு பிளாக்கையும் பூட்டுவதற்கு முன்னால், அதற்கு முன்னால் பூட்டி முடித்த பிளாக்கோடு கலக்கிறார்கள். அந்தக் கலவை அவ்வளவு எளிது. கம்ப்யூட்டருக்குள் எல்லாமே ஒன்றும் பூஜ்ஜியமும்தான்; இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பூஜ்ஜியம், வேறாக இருந்தால் ஒன்று. அதே கலவையை இன்னொரு தரம் செய்தால் பழையது அப்படியே திரும்பி வந்துவிடும். இரண்டாவது முதலாவதின் மேல் சாய்கிறது, மூன்றாவது இரண்டாவதின் மேல். ஆயிரமாவது பிளாக்குக்குள் முதல் பிளாக்கின் சாயலும் இருக்கிறது.

சரி, முதல் பிளாக் யார் மேல் சாயும்? அதற்கு முன்னால் யாருமே இல்லையே?

அதற்குத்தான் தொடக்கச் சொல்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரோ முகம் தெரியாதவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். தனியாக நிற்க முடியாத ஒன்றுக்கு முன்னால் ஒரு சொல்லை நிறுத்தலாம் என்று தோன்றியிருக்கிறதே ஒருத்தருக்கு. அடேயப்பா.

அம்மா வந்து, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள்.

ரயில் பெட்டி மாதிரி சொல்லிப் பார்த்தேன். பெட்டிக்குப் பதினாறு ஸீட். எந்தப் பெட்டியும் காலி ஸீட்டோடு கிளம்பக் கூடாது. கடைசிப் பெட்டியில் ஆள் குறைந்தால் பொம்மைகளை உட்கார வைப்பார்கள், இதுதான் பேடிங். மூன்று பொம்மை என்றால் மூன்றின் கையிலும் ‘3’ என்று ஒரு அட்டை. இறங்குகிற இடத்தில் கடைசி அட்டையைப் பார்த்து அத்தனை பொம்மையையும் அப்புறப்படுத்திவிடலாம்.

"எல்லாம் நிறைஞ்சுபோச்சுன்னா?"

"அப்பவும் முழுசா ஒரு பெட்டி பொம்மை சேர்க்கணும்மா. பதினாறு பேர் கையிலயும் ‘16’."

"காலியே இல்லாதப்ப எதுக்கு வெட்டியா ஒரு பெட்டி?"

"இல்லன்னா கடைசியா உக்காந்திருக்கிறது ஆளா பொம்மையான்னு எப்படித் தெரியும்?"

அம்மா யோசித்தாள். "நல்லா யோசிச்சிருக்கானுங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

ஜன்னலோரம் அப்பா திரும்பவே இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், காது அசைந்தது.


ஜூன் 9, திங்கள்

தொடக்கச் சொல் தப்பாக இருந்தால் கோப்பு முழுக்கக் குப்பையாகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தத்துவம் தலையில் அடித்துக்கொண்டான். "பூட்டும்போதுதான் எல்லாம் எல்லாத்து மேலயும் சாயும். திறக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இருக்கிற ஒண்ணு போதும். தொடக்கம் தப்புன்னா முதல் பிளாக் மட்டும்தான் கெடும். மத்ததெல்லாம் பொழைச்சுக்கும்."

அப்படியா? அப்படியானால் பேடிங் பிழைக்குக் காரணம் அந்தச் சொல் இல்லை. வேறு என்னவோ.

எழுத ஆரம்பித்துவிட்டேன். ஒரு பிளாக்கைச் சாவி போட்டுத் திறக்கும் வேலையை மட்டும் லைப்ரரியிடம் விட்டிருக்கிறேன். வெட்டுவது, கலப்பது, பொம்மைகளை இறக்குவது எல்லாம் என் கை.


ஜூன் 11, புதன்

குப்பை. முதல் பிளாக்கும் குப்பை, இரண்டாவதும் குப்பை, கடைசிவரை குப்பை.


ஜூன் 13, வெள்ளி

சாவியே தப்போ? மெயிலில் வந்த சாவியை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன்? ஏன்? பூட்டினவனே தப்பாகப் பூட்டிவிட்டுக் கடையை மூடிக்கொண்டு ஓடிவிட்டானா? அப்படியிருந்தால் அப்பா பேசினது எல்லாம் அப்படியே போச்சா?

ஆப் காட்டிய வாக்கியங்களைப் படித்து மூன்று வாரம் பேசினார். வீட்டில் மிக்ஸி சத்தம் என்று கீழே நிறுத்தியிருந்த டிரைவிங் ஸ்கூல் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து பேசினார். வேர்த்து விறுவிறுத்து மேலே வருவார். அப்போதே தொண்டை கரகரத்துப் போயிருந்தது. வலிக்குதாப்பா என்று கேட்டால், "ஏய், வேலையைப் பாரு" என்பார்.

எங்கப்பா அகராதியில் எனக்குப் பெயர் ‘ஏய்’. ஸ்கூல் சர்டிபிகேட்டில் மட்டும்தான் வேறு.

சாயங்காலம் எரிச்சலை அவர் மேல் காட்டிவிட்டேன். "அந்த ஒரு சொல்லை ஞாபகம் வெச்சுக்க முடியலையா உங்களுக்கு? ஊர்ல இருக்கிற அத்தனை வண்டி நம்பரும் ஞாபகம் இருக்கு!" பாவம், அந்தச் சொல்லால் வந்த பிரச்சினையே இல்லை என்று தெரிந்துகொண்டே கத்தினேன். அவர் கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டு தெருவைப் பார்த்தார்.

திருப்பித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதுதான் முடியாதே.


ஜூன் 14, சனி

கிடைச்சிடுச்சு. அட மண்டு! மண்டு! மண்டு!

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். தப்பு முழுக்க என் கையில்தான்.

இரண்டாவது பிளாக்கைத் திறந்த பிறகு, அதைப் *பூட்டிய* முதல் பிளாக்கோடு கலக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? முதல் பிளாக்கைத் திறந்து, திறந்ததை அதே இடத்திலேயே எழுதிவிட்டேன். பூட்டியது அங்கே இருந்தால்தானே? நானே அதன் மேல் எழுதி அழித்துவிட்டு, அடுத்ததற்குக் கை பிடிக்க ஆளில்லையே என்று மூன்று நாளாக ஒப்பாரி.

எப்படிச் சரி செய்தேன் என்பதுதான் அழகு. கடைசியிலிருந்து முன்னால் வந்தேன். கடைசி பிளாக்கைத் திற, அதற்கு முந்தையது இன்னும் பூட்டியபடியே இருக்கிறது, அதோடு கல. பிறகு அதைத் திற. அப்படியே பின்னாலிருந்து முன்னால், ஒவ்வொன்றாக. அப்பா ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுப்பது மாதிரி, அவசரப்படாமல்.

ஓட விட்டேன். முதல் பிளாக் குப்பை, அது எதிர்பார்த்ததுதான். மூன்றாவதில் நாலு ஆங்கில எழுத்துகள்: ‘டேட்டா’. ஒலிக் கோப்பின் தலைப்பில் அந்த இடத்தில் வர வேண்டிய அதே சொல். அதற்குப் பிறகு பூஜ்ஜியத்தை ஒட்டிய சின்னச் சின்ன எண்கள், நிறைய. மெல்லப் பெரிதாகி, இறங்கி, மறுபடி ஏறி.

மௌனம். பிறகு மூச்சு. பிறகு பேச்சு. எண்ணாகத்தான் பார்த்தேன், ஆனாலும் மயிர்க்கூச்செறிந்துவிட்டது. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ரோமம் எல்லாம் நிற்கிறது.

கடைசி பிளாக்கின் முடிவு: 0, 1, 2, 3.

நாலு பொம்மை, கையில் ஆளுக்கொரு எண். நாலு கையிலும் ‘4’ அல்லவா இருக்க வேண்டும்?

முதலில் புரியவில்லை. பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தக் கம்பெனிப் புண்ணியவான் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிற ஜாதி, எங்களை மாதிரியே. எல்லாருக்கும் ஒரே எண் கொடுக்காமல் வரிசை எண் கொடுத்திருக்கிறான்: ஒரு பொம்மை என்றால் 0, நாலு என்றால் 0, 1, 2, 3. பூட்டுகிற இடத்திலும் திறக்கிற இடத்திலும் அவனே எழுதியதால் அவன் தப்பு அவனுக்குத் தெரியவே இல்லை. லைப்ரரி மட்டும் கண்டுபிடித்து, வாசலிலேயே நின்று, பேடிங் பிழை பேடிங் பிழை என்று கத்தியிருக்கிறது. அதைப் போய் எத்தனை திட்டினேன்.


ஜூன் 15, ஞாயிறு

முதல் பதினாறு பைட் இல்லாமல் எந்தப் பிளேயரும் கோப்பைத் தொட மறுக்கிறது. ஆனால் அந்தப் பதினாறில் என்ன இருக்க வேண்டும் என்று உலகத்துக்கே தெரியும்: எல்லா ஒலிக் கோப்புக்கும் ஒரே தலைப்பு, நடுவில் கோப்பின் நீளம் மட்டும் மாறும். பொம்மைகளை ஒழுங்காக இறக்கிவிட்டால் நீளமும் தெரிந்துவிடும். ஆக, தொடக்கச் சொல்லே வேண்டாம்! குப்பையை எடுத்துவிட்டு நானே தலைப்பை எழுதிவிட்டேன்.

ஹாலில் உட்கார்ந்து, அப்பா எதிரில், லேப்டாப்பில் பிளே அழுத்தினேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

டிக்-டிக், டிக்-டிக் என்று ஒரு சத்தம். பிறகு:

"இன்று வானம் மேகமூட்டமாகக் காணப்படுகிறது." ஸ்டூடன்டைத் திட்டுகிற அதே தொனியில், வானம் ஏதோ சிக்னலை மதிக்காமல் போய்விட்ட மாதிரி. ஒரு செருமல். பிறகு தனக்குத் தானே: "யாருடா இதை எழுதினது? மனுஷன் பேசற பாஷையா இது?"

உள்ளேயிருந்து அம்மா, பழக்க தோஷத்தில், "வந்துட்டேன் வந்துட்டேன், கத்தாதீங்க!" என்றாள்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்திருக்கிறது. கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதேன். சொல்லிக்கொள்ள என்ன வெட்கம், ஓவென்று அழுதேன்.

அப்பா கழுத்துத் துணி மேல் ஒரு கையை வைத்திருந்தார். இன்னொரு கையால் சைகை காட்டினார்: மறுபடி போடு. மறுபடி போட்டேன். மறுபடி. எத்தனை தரம் என்று எண்ணவில்லை.

கடைசியில் பலகையை எடுத்தார். பல நாளைக்குப் பிறகு முழு வாக்கியம்: "அந்த டிக்-டிக் ஹசார்ட் லைட். நிறுத்தி வெச்ச வண்டிக்குப் போடணும்."

மூன்று வாரமும் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்! வீட்டு வாசலில்! ரூல் என்றால் ரூல்தான்.


ஜூன் 16, திங்கள்

எல்லாக் கோப்பும் திறந்தாகிவிட்டது. ஸ்பீச் மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். டிக்-டிக்கை வடிகட்டிவிடுவார்களாம்.

ஒரே ஒரு கோப்பில் மட்டும், கம்பெனி அனுப்பும் வழியிலோ என்னவோ, ஒரு பைட் கெட்டுப் போயிருந்தது. என்ன ஆயிற்று பார்த்தால்: அந்த பிளாக் சிதறிவிட்டது. அடுத்ததில் ஒரே ஒரு பைட் மட்டும் காயம். அதற்கடுத்தது ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்து போகிறது. கேட்கும்போது ஒரு ‘டக்’, அவ்வளவுதான். வாக்கியம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

தத்துவத்திடம் காட்டினேன். அவனே ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அதிசயம்தான்.


ஜூன் 18, புதன்

இன்றைக்கு நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து திடீரென்று உறைத்தது. தொடக்கச் சொல் தெரிந்தால் முதல் பிளாக் கிடைக்கும். சரி. முதல் பிளாக் தெரிந்தால்? அதே கலவை, அதே வழியில் திரும்பி வருமே! சாவியால் மட்டும் திறந்த, இன்னும் எதோடும் கலக்காத முதல் பிளாக்கையும், நான் எழுதிய தலைப்பையும் கலந்தால் மிச்சம் இருப்பது அந்தச் சொல்தான். யாரும் சொல்ல வேண்டாம். யாரையும் கேட்கவும் வேண்டாம்.

ஒரு வரி எழுதினால் போதும். எழுதினேன். பதினாறு எண்கள்:

224 174 149 224 174 163 224 175 141 224 174 163 224 175 129 0

வேறு வேறு மூன்று கோப்பில் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் அதேதான்.

கடைசிப் பூஜ்ஜியத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: அந்தப் புண்ணியவானின் ஒற்றைப் பொம்மை. சொல் பதினைந்து பைட், ஒரு இடம் காலி, அதற்கு 0. ஆனால் 224... 224... மூன்றுக்கு ஒரு தரம் 224. இந்த எண்ணை எனக்குத் தெரியும். பில் பிரிண்டரில் ‘சாப்பாட்டுக்குப் பின்’ உடைந்து உடைந்து வரும்போதெல்லாம் என் உயிரை வாங்கிய எண். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கம்ப்யூட்டருக்குள் 224-இல்தான் தொடங்கும், மும்மூன்று பைட்டாக.

தமிழில் தட்டியிருக்கிறார். அப்பா. நான் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

மும்மூன்றாகப் பிரித்தேன். க. ண. ஒரு புள்ளி. ண. உகரக் கொம்பு.

கண்ணு.

நமக்கு மூன்று எழுத்து. மெஷினுக்குப் பதினைந்து பைட். அப்பா பேசிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால், வானம் மேகமூட்டமாக இருப்பதற்கு முன்னால், கிளட்சுக்கும் பிரேக்குக்கும் முன்னால், எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் நின்றிருக்கிறது. அது இல்லாமல் முதல் பிளாக் நின்றிருக்காது.

யார் அந்தக் கண்ணு? இந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லையே!


ஜூன் 19, வியாழன்

அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அப்பா யாரையாவது கண்ணு என்று கூப்பிடுவாரா?

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "உன்னைத்தான்."

"என்னையா? என்னை ஏய்னுதானே கூப்பிடுவார்!"

"நீ முழிச்சிருக்கும்போது ஏய். தூங்கினப்புறம் கண்ணு. சின்னதுல இருந்தே அப்படித்தான். போர்வையை இழுத்து விட்டுட்டு, தலையைத் தடவிட்டு, ‘தூங்கு கண்ணு’ம்பார். காலையில நீ எழுந்ததும், ‘ஏய், பல்லு தேய்ச்சியா?’" கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "பொண்ணுக்கு இடம் கொடுத்தா தலைமேல ஏறிடுவாளாம். இருக்கிற இடம்லாம் உனக்குத்தான்னு அவருக்கே தெரியாது."

குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.


ஜூன் 20, வெள்ளி

தாங்க முடியவில்லை. காலையில் ஆபீஸ் கிளம்பும்போது அப்பாவின் பலகையை எடுத்து அந்தச் சொல்லை எழுதி அவர் மடியில் வைத்தேன்.

அவர் முகம் போன போக்கு! சட்டைக் கையாலேயே பரபரவென்று அழித்தார். அம்மா பார்க்கிறாளா என்று உள்ளே ஒரு பார்வை. பிறகு எழுதினார்:

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருந்தான்."

"அப்ப மறந்துபோச்சுன்னு எழுதினது பொய்யா?"

"ரூல்."

"உங்க குரலே போனாலும் பரவாயில்லைன்னு ரூலா?"

மார்க்கர் மூடி திருகல். காது மட்டும் சிவந்திருந்தது. இந்த வயதில், பிரேக் சார், வெட்கப்படுகிறார்! ரூலாவது மண்ணாவது.

"நான் யார்கிட்டயும் கேக்கலப்பா. அதுவா வந்துச்சு" என்றேன்.

நம்பவில்லை. எப்படி என்று சைகை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் உட்கார்ந்து சொன்னேன், அந்தக் கலவையை, போன வழியே திரும்பி வருவதை. பலகையில் ஒன்றும் பூஜ்ஜியமுமாகப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் தானே போட்டுப் பார்த்தார். பழையது திரும்பி வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் முதல் தடவையிலேயே ஹில் ஸ்டார்ட் எடுத்த ஸ்டூடன்டுக்கு மட்டும் கிடைக்கிற பார்வை. எனக்கு அது இதுவரை கிடைத்ததில்லை.


ஜூலை 8, செவ்வாய்

குரல் வந்துவிட்டது. ஸ்பீச் மேடமே கொண்டு வந்து மெஷினில் ஏற்றிக் கொடுத்தார். துண்டுகள் வேறு இடத்துக்குப் போயின.

அப்பா முதலில் தட்டியது: "இது சுமாரா இருக்கு." அவர் குரலில்! கொஞ்சம் தட்டையாக, சளி பிடித்த மாதிரி, ஆனால் அவரேதான். அடுத்தது அம்மாவுக்கு: "காபியில சக்கரை கம்மி."

"வந்துட்டாருய்யா" என்றாள் அம்மா. திட்டிக்கொண்டே போய் இரண்டு ஸ்பூன் போட்டாள்.


ஜூலை 12, சனி

பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். பழைய ஸ்டூடன்ட் ஒருத்தர் பார்க்க வந்தார். வண்டியை வாசலில் கோணலாக நிறுத்தியதற்குப் பத்து நிமிஷம் தட்டித் தட்டித் திட்டினார். அந்த மனிதர் கண் கலங்கக் கேட்டுவிட்டுப் போய் வண்டியை நேராக்கினார்.

எனக்கு இன்னும் ‘ஏய்’தான்.


ஜூலை 27, ஞாயிறு

மெஷின் இனி எங்களுடையது. ஸ்பீச் மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதைக் கொண்டாட அப்பா, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தரம், கீழே நிற்கும் காரில் ஏறினார். நான் ஓட்டினேன். அவர் பக்கத்து ஸீட்டில், காலடியில் அவருடைய தனி பிரேக், மடியில் மெஷின். வாசலைத் தாண்டுவதற்குள், "கண்ணாடி பார்த்தியா", "ஸீட் பெல்ட்", "ஏய், செகண்டுக்கு மாத்து." அம்மா பின் ஸீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

பெரிய நாற்சந்தியில் சிவப்பு. நிறுத்தினேன், கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒழுங்காக. அப்பா எதையோ தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். நான் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு."

திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

"பச்சை விழுந்துடுச்சு. போ."

போகத்தான் பார்த்தேன். முன்னால் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கலங்கலாக இருந்தது. கிளட்சை அப்படியே விட்டுவிட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோயிற்று. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அப்பா எட்டி ஹசார்ட் லைட்டைப் போட்டார்.